பூந்திக்கொட்டைச் சபோனினால் எஞ்சிய கச்சா எண்ணெயை மீட்பது: ஆய்வகச் சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிணற்றில் தண்ணீர் செலுத்தி எண்ணெயைத் தள்ளி முடித்த பிறகும் பாறைத் துளைகளில் பாதிக்கு மேல் எண்ணெய் தங்கிவிடுவது வழக்கம். அதை விடுவிக்கச் செலுத்தும் சர்ஃபாக்டன்டுகளில் (எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பின் இழுவிசையைக் குறைக்கும் சோப்பு போன்ற பொருள்கள்) பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து செய்தவை. அவற்றுக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டைச் சபோனின் (அதன் தோலில் உள்ள, நீரில் நுரைக்கும் பொருள்) உதவுமா என்று ஆய்வகத்தில் சோதிப்பவர்களுக்காக எழுதியது இது.

புதியவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. சாறு என்பது ஒரே வேதிப்பொருள் அல்ல, சபோனினோடு சர்க்கரை, பிசின், டானின் எல்லாம் கலந்த கலவை என்பதை மறந்துவிடுகிறார்கள். அடுத்தது, எளிய முன்சோதனைகளைத் தாண்டிக் குதித்து நேரே கோர் சோதனையில் (உருளையாக வெட்டிய பாறைத் துண்டுக்குள் திரவங்களைச் செலுத்திப் பார்ப்பதில்) இறங்குகிறார்கள். கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

## 1. முதலில் காகிதத்தில் ஒரு கணக்கு

துளையில் சிக்கிய எண்ணெய்த் துளி நகருமா என்பதை நுண்புழை எண் சொல்லும். நீரின் பாகுத்தன்மையை ஓட்ட வேகத்தால் பெருக்கி, எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இடைமுக இழுவிசையால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும்.

நீரின் பாகுத்தன்மை 0.001 பாஸ்கல்-விநாடி, வேகம் நாளொன்றுக்கு 30 செ.மீ., இடைமுக இழுவிசை மீட்டருக்கு 25 மில்லிநியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை ஏறத்தாழ கோடியில் 1.4 பங்கு. சிக்கிய எண்ணெய் குறிப்பிடத்தக்க அளவில் நகர, இது கோடியில் 1,000 பங்கு அளவுக்காவது உயர வேண்டும்.

சபோனின் தனியாக இழுவிசையை 2 மில்லிநியூட்டனுக்கு இறக்கினால் எண் கோடியில் 17 பங்குதான் ஆகிறது. ஆக, "இழுவிசை பத்து மடங்குக்கு மேல் குறைந்தது" என்று மகிழ்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சபோனினைத் தனியாகப் பயன்படுத்தினால் அதன் பங்களிப்பு பெரும்பாலும் பாறையின் நனைப்புத் தன்மையை (பாறைப் பரப்பில் எண்ணெய் ஒட்டுகிறதா, நீர் ஒட்டுகிறதா என்பதை) மாற்றுவதில்தான் இருக்கும். இழுவிசையை 0.01 மில்லிநியூட்டனுக்கும் கீழே கொண்டுபோகக் காரமோ துணை சர்ஃபாக்டன்டோ வேண்டும். எந்த வழியில் போகிறீர்கள் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் சோதனைகளின் முக்கியத்துவம் அதைப் பொறுத்து மாறும்.

## 2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

கொட்டை. ஒரே அறுவடையைச் சேர்ந்ததாக, வேலை முழுவதற்கும் போதுமான அளவு ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். மூன்று கிலோ இருந்தால் நிம்மதி. நாட்டு மருந்துக் கடையில் இரண்டாம் முறை வாங்குவது வேறு மரத்தின், சில சமயம் வேறு இனத்தின் கொட்டையாகவே இருக்கலாம். வட இந்தியாவில் கிடைப்பதும் நம் பக்கம் கிடைப்பதும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள். தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கச்சா எண்ணெய். கிணற்றடியில், பால்மமுறிப்பான் (எண்ணெயும் நீரும் கலந்த பால்மத்தைப் பிரிக்கும் பொருள்) போன்ற வேதிப்பொருள்கள் சேர்க்கப்படும் இடத்துக்கு முன்னாலேயே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பால்மமுறிப்பானும் ஒரு சர்ஃபாக்டன்ட்தான். அது கலந்த எண்ணெயில் அளக்கும் இழுவிசைக்கு அர்த்தமே இல்லை. சோதிக்க எளிய வழி உண்டு: சபோனின் சேர்க்காத உப்புநீருக்கு எதிராக இழுவிசையை அளங்கள். 10 மில்லிநியூட்டனுக்கும் கீழே காட்டினால் எண்ணெயைச் சந்தேகியுங்கள்.

எண்ணெயை மையவிலக்கியில் சுழற்றி நீரையும் மணலையும் நீக்கி, நைட்ரஜன் நிரப்பி மூடி வையுங்கள். காற்று பட்டால் லேசான பகுதிகள் ஆவியாகும், ஆக்சிஜனேற்றத்தால் அமிலம் கூடும். எண்ணெயின் அமில மதிப்பையும் (அதிலுள்ள அமிலத்தைச் சமன்செய்யத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் அளவு) அளந்து குறித்துவையுங்கள். ஒரு கிராம் எண்ணெய்க்கு 0.5 மி.கி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மேல் இருந்தால் கார வழி பலன் தர வாய்ப்பு அதிகம்.

படுகை (எண்ணெய் தங்கியிருக்கும் நிலத்தடிப் பாறை அடுக்கு) நீரின் பகுப்பாய்வு. மொத்த உப்பு மட்டும் போதாது. கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் ஆகியவை தனித்தனியாக வேண்டும்.

பாறை. ஒரே கட்டியிலிருந்து வெட்டிய கோர்கள் குறைந்தது ஆறு, பரப்புக் கவர்தல் (பாறைப் பரப்பில் சபோனின் ஒட்டித் தங்குவது) சோதனைக்கு அதே பாறையின் உடைந்த துண்டுகள் அரை கிலோ. கட்டுப்பாட்டுச் சோதனைகளுக்கும் சேர்த்துத்தான் ஆறு.

## 3. சாறு எடுத்தல்

விதையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுங்கள். விதையில் எண்ணெய் உண்டு. அது கலந்தால் நுரை அடங்கிவிடும். தோலை 50 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, அரை மி.மீ.க்கும் சிறிய துகளாக அரையுங்கள். அரைக்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். இந்தத் தூள் மூக்கிலும் கண்ணிலும் கடுமையாக எரியும்.

100 கிராம் தூளை சாக்ஸ்லெட் கருவியில் ஹெக்சேன் கொண்டு ஆறு மணி நேரம் ஓட்டிக் கொழுப்பை நீக்குங்கள். தூளிலுள்ள ஹெக்சேனைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் முழுதும் ஆவியாக விட்ட பிறகே அடுத்த படி.

பிறகு 80 சதவீத எத்தனால் 500 மி.லி. ஊற்றி, 50 டிகிரியில் நான்கு மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். சக்கையை மீண்டும் 300 மி.லி. விட்டு ஒரு முறை எடுங்கள். வெறும் தண்ணீரில் எடுத்தால் பிசினும் சளி போன்ற பொருளும் சேர்ந்தே வரும், அவை பின்னால் கோரை அடைக்கும். நீரற்ற எத்தனாலில் சபோனின் குறைவாகவே கரையும். 80 சதவீதம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒத்துவரும் அளவு.

சாராயத்தை வெற்றிடச் சுழல் ஆவியாக்கியில் 50 டிகிரிக்கு மேல் போகாமல் நீக்குங்கள். குடுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக்கூடாது. சாராயம் குறையக் குறைய நுரை பொங்கி, குளிர்விப்பான் வழியாக வெளியேறிவிடும். வெற்றிடத்தை மெதுவாகக் கூட்டுங்கள். நுரை ஏறினால் உடனே காற்றை உள்ளே விட்டு அடக்குங்கள்.

தூய்மையான சபோனின் வேண்டுமென்றால், மீந்ததை 200 மி.லி. நீரில் கரைத்து, நீர் நிறைவுற்ற என்-பியூட்டனால் 100 மி.லி. வீதம் மூன்று முறை பிரித்தெடுங்கள். சபோனின் மேலடுக்குப் பியூட்டனாலுக்கு வரும், சர்க்கரை கீழே நீரில் நிற்கும். பியூட்டனாலை முன்பே நீரால் நிறைவுறச் செய்யாவிட்டால் அது கீழடுக்கிலிருந்து நீரை உறிஞ்சி, அடுக்குகளின் அளவை மாற்றிவிடும். பிரிபுனலைக் குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுங்கள். குலுக்கினால் உருவாகும் பால்மம் மறுநாள் வரை பிரியாது. அப்படி ஆனால் மையவிலக்கியே கதி.

உலர்ந்த தூள் காற்றின் ஈரத்தை இழுத்துப் பாகாகும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய புட்டியில் வையுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பியூட்டனாலில் தூய்மையாக்கிய சபோனினை எந்த எண்ணெய் வயலும் டன் கணக்கில் வாங்காது. செயல்முறையைப் புரிந்துகொள்ளத் தூயதைப் பயன்படுத்துங்கள். முடிவு சொல்லும் கோர் சோதனையை, வயலில் உண்மையில் போகக்கூடிய எளிய சாற்றைக் கொண்டும் ஒரு முறை செய்தாக வேண்டும்.

## 4. தூளில் சபோனின் எவ்வளவு?

"0.5 சதவீதக் கரைசல்" என்று எழுதும்போது அது தூளின் எடையா, சபோனினின் எடையா? இதைச் சொல்லாத அறிக்கையை யாராலும் மறுபடி செய்துபார்க்க முடியாது.

வெனிலின்–கந்தக அமில முறை போதும். 0.5 மி.லி. மாதிரியோடு, எத்தனாலில் கரைத்த 8 சதவீத வெனிலின் 0.5 மி.லி., 72 சதவீதக் கந்தக அமிலம் 5 மி.லி. சேர்த்து, 60 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, பனிக்கட்டியில் குளிரவிட்டு, 544 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்க வேண்டும். அமிலம் சேர்க்கும்போது குழாய் பனிக்கட்டியில் இருக்கட்டும். வெனிலின் சேர்க்காத ஒரு மாதிரியையும் கூடவே ஓட்டுங்கள். சர்க்கரை அமிலத்தில் கருகித் தரும் நிறத்தைக் கழிக்க அது வேண்டும்.

ஒவ்வொரு தொகுப்புச் சாற்றுக்கும் இந்த அளவீட்டைத் திரும்பச் செய்து, கரைசல்கள் அனைத்தையும் சபோனின் எடையில் கணக்கிடுங்கள்.

## 5. உப்புநீரில் கரைத்தலும் தெளிவுச் சோதனையும்

படுகை நீரைப் போன்ற உப்புநீர் தயாரிக்க, முதலில் சோடியம் குளோரைடு, பிறகு கால்சியம், மெக்னீசியம் குளோரைடுகள், கடைசியில் பைகார்பனேட். ஒவ்வொன்றும் முழுதாகக் கரைந்த பின்பே அடுத்தது. 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள்.

சபோனின் தூளை நேரே உப்புநீரில் கொட்டாதீர்கள். வெளிப்புறம் நனைந்து கட்டியாகி, உள்ளே உலர்ந்தபடியே நிற்கும். 5 சதவீதத் தாய்க்கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரித்து, அதிலிருந்து அளந்து சேருங்கள். தாய்க்கரைசல் கொண்டுவரும் நீரால் உப்பு நீர்த்துப்போகும். அதைக் கணக்கிட்டு உப்புநீரைச் சற்றே அடர்த்தியாகச் செய்துகொள்ள வேண்டும்.

0.1 முதல் 1 சதவீதம் வரை கரைசல்களை மூடிய கண்ணாடிக் குழாய்களில் படுகையின் வெப்பநிலையில் குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். கலங்கல், படிவு, மேலே ஆடை ஏதேனும் தெரிந்தால் அந்தச் செறிவு கோருக்குள் போகக்கூடாது. தொடக்கத்திலும் முடிவிலும் பிஹெச் அளவையும் சபோனின் அளவையும் எடுங்கள். பூந்திக்கொட்டைச் சாறு இயல்பாகவே அமிலத் தன்மை கொண்டது. அமிலத்தில், சூட்டில், சபோனினின் சர்க்கரைப் பகுதி மெல்லக் கழன்றுவிடும். கழன்றபின் மிஞ்சுவது நீரில் கரையாது.

உலர்ந்த தூளை வெப்ப எடையிழப்புக் கருவியில் வைத்து, "200 டிகிரி வரை தாங்கும்" என்று எழுதிவிடுவது இந்தத் துறையில் பரவலான பழக்கம். உலர்ந்த தூள் தாங்குவதும் சுடுநீரில் மாதக்கணக்கில் தாங்குவதும் வேறு வேறு. இரண்டு வாரக் குழாய்ச் சோதனைதான் பதில் சொல்லும்.

அறை வெப்பநிலையில் வைத்த கரைசல் சில நாளில் புளிக்கத் தொடங்கும். சர்க்கரை இருக்கும் இடத்தில் பூஞ்சை வராமல் இருக்காது. சிறிதளவு குளூட்டரால்டிஹைடு சேர்க்கலாம். ஆனால் அதைச் சேர்த்த வெற்று உப்புநீரிலும் இழுவிசையையும் வெனிலின் நிறத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

## 6. மைசெல் உருவாகும் செறிவு

0.001 முதல் 1 சதவீதம் வரை பன்னிரண்டு கரைசல்களின் பரப்பு இழுவிசையைத் தட்டு முறையில் அளந்து, செறிவின் மடக்கைக்கு எதிராக வரையுங்கள். கோடு சாய்வை விட்டுக் கிடைமட்டமாகும் இடமே மைசெல் செறிவு, அதாவது சபோனின் மூலக்கூறுகள் கரைசலுக்குள் சிறு திரள்களாகச் சேரத் தொடங்கும் செறிவு. சபோனின் பெரிய மூலக்கூறு, பரப்புக்கு வந்து அடுக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். ஊற்றியவுடன் அளந்தால் உண்மையை விட அதிகமாகவே காட்டும். அளவு மாறாமல் நிற்கும் வரை, அரை மணி நேரமானாலும், காத்திருங்கள்.

கச்சாச் சாற்றில் கூர்மையான முறிவுக்குப் பதில் வளைவு தெரிவது இயல்பு. அதை ஒரே எண்ணாகச் சொல்லாமல் ஒரு வீச்சாகச் சொல்லுங்கள். அளவீடு படுகை உப்புநீரில் நடக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் கிடைக்கும் எண்ணை வைத்துக்கொண்டு கோருக்குள் செலுத்தும் செறிவைத் தீர்மானிக்க முடியாது.

## 7. இடைமுக இழுவிசை

1 மில்லிநியூட்டனுக்கு மேல் தொங்கு துளி முறை, அதற்குக் கீழே சுழல் துளி முறை. சுழல் துளியில் கணக்கு இப்படி: அடர்த்தி வேறுபாடு × கோண வேகத்தின் வர்க்கம் × துளி ஆரத்தின் கனம் ÷ 4. அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 150 கிலோ, நிமிடத்துக்கு 5,000 சுற்று (விநாடிக்கு 523.6 ரேடியன்), ஆரம் 0.5 மி.மீ. என்றால் மீட்டருக்கு 1.29 மில்லிநியூட்டன் வரும். துளியின் நீளம் அதன் விட்டத்தைப் போல் நான்கு மடங்காவது இருந்தால்தான் இந்தச் சூத்திரம் செல்லும்.

ஆரம் கனத்தில் வருவதால் சிறு பிழையும் பெரிதாகும். ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டால் விடை எட்டு மடங்கு. நீர் நிறைந்த உருளைக் குழாய் லென்ஸ் போல வேலை செய்து துளியைத் தடிமனாகக் காட்டும். ஒளிவிலகல் எண் 1.33-ஆல் திருத்தாவிட்டால் விடை இரண்டேகால் மடங்குக்கு மேல் கூடிவிடும். உங்கள் கருவியின் மென்பொருள் இந்தத் திருத்தத்தைத் தானாகச் செய்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

கச்சா எண்ணெயும் சபோனினும் சந்தித்த முதல் சில நிமிடங்களில் இழுவிசை சரிந்து பின் ஏறுவது உண்டு. அந்தத் தாழ்ந்த புள்ளியை மட்டும் எடுத்து அறிவிக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்காவது நேரத்தோடு சேர்த்து வரைபடமாகக் கொடுங்கள்.

## 8. காரமும் துணை சர்ஃபாக்டன்டும்

சோடியம் கார்பனேட் 0.25 முதல் 1 சதவீதம் வரை ஏற்றிப் பாருங்கள். எண்ணெயில் அமிலம் இருந்தால் காரம் அதை அங்கேயே சோப்பாக்கும். சபோனினும் அந்தச் சோப்பும் சேர்ந்து இழுவிசையைக் கீழே இழுக்கும். ஆனால் உப்புநீரில் கால்சியம் இருந்தால் கார்பனேட் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். கார வழியில் போனால் கடினத்தன்மை நீக்கிய நீர் தேவை என்பதைச் செலவுக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள். காரம் சில சபோனின்களின் எஸ்டர் பிணைப்பையும் அறுக்கும் என்பதால் 5-ஆம் படியின் சோதனையைக் காரத்தோடு மீண்டும் செய்ய வேண்டும்.

காரம் ஒத்துவராவிட்டால், ஆமணக்கு போன்ற தாவர எண்ணெயிலிருந்து செய்யும் மெத்தில் எஸ்டர் சல்ஃபோனேட்டைச் சிறு பங்கு சேர்த்துப் பாருங்கள். எண்ணெயும் கரைசலும் சரிபாதியாக, உப்பின் அளவை மட்டும் படிப்படியாக மாற்றி, அடைத்த குழாய்களில் இரண்டு வாரம் வையுங்கள். நடுவில் மூன்றாவது அடுக்கு தோன்றும் உப்பளவில்தான் இழுவிசை மிகத் தாழ்ந்திருக்கும். சபோனின் தனியாக இந்த நடு அடுக்கைத் தருவது அரிது, வெறும் பால்மம்தான் வரும். பால்மத்தை நடு அடுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பால்மம் கலங்கலாக இருக்கும், நாள் போகப் போகச் சுருங்கும்.

## 9. நனைப்புத் தன்மை

மெருகேற்றிய பாறை வில்லைகளைக் கச்சா எண்ணெயில் படுகை வெப்பநிலையில் மூன்று வாரம் ஊறவையுங்கள். எடுத்ததும் ஹெப்டேனில் ஒரு முறை முக்கி எடுத்தால் போதும். டொலுவீனில் கழுவினால் பாறையில் ஒட்டிய ஆஸ்பால்ட்டீன் (எண்ணெயின் கனமான பகுதி) படலமும் போய்விடும். நீங்கள் சோதிக்க நினைத்த எண்ணெய் நனைப்பே மிஞ்சாது. பிறகு வில்லையைக் கரைசலில் அமிழ்த்தி, கீழிருந்து எண்ணெய்த் துளியை ஒட்டவைத்துத் தொடுகோணத்தை அளங்கள். நீர்ப்பக்கமாக அளந்த கோணம் 75-க்குக் கீழே என்றால் நீர் நனைப்பு, 105-க்கு மேல் என்றால் எண்ணெய் நனைப்பு.

இதைவிட நம்பகமானது தானாக உறிஞ்சும் சோதனை. எண்ணெயில் ஊறிய கோரை அளவுக்குழாய் பொருத்திய கண்ணாடிக் கலத்தில் நிறுத்தி, ஒன்றில் வெறும் உப்புநீர், இன்னொன்றில் சபோனின் கரைசல். வெறும் உப்புநீரில் ஒன்றும் நகராமல், சபோனின் கலத்தில் கோரின் பக்கங்களிலிருந்து சிறு துளிகள் அரும்பி மேலே சேர்ந்தால், நனைப்பு மாறிவிட்டது என்று நம்பலாம். பம்ப் இல்லை, அழுத்தம் இல்லை. எண்ணெய் வெளியே வரப் பெரும்பாலும் நனைப்பு மாற்றமே காரணம்.

## 10. பாறை எவ்வளவு விழுங்கும்?

10 கிராம் நொறுக்கிய பாறையும் 50 மி.லி. கரைசலும் 24 மணி நேரம் குலுக்கி, மையவிலக்கி, மேல்நீரின் செறிவை அளக்க வேண்டும். தொடக்கம் லிட்டருக்கு 5,000 மி.கி., முடிவு 4,200 என்றால்: 800 × 0.05 ÷ 10 = கிராமுக்கு 4 மி.கி. கிராமுக்கு 1 மி.கி.யைத் தாண்டினாலே செலவு கட்டுப்படியாகாது என்பது துறையில் பொதுவான கணிப்பு. நொறுக்கிய பாறைக்குப் பரப்பு அதிகம் என்பதால் இது உயர்ந்தபட்ச மதிப்பீடுதான். ஆனாலும் 4 என்று வந்தால் காரமோ, முன்னோட்டமாகச் செலுத்தும் மலிவான பலிப்பொருளோ (சபோனினுக்குப் பதிலாகப் பாறையில் ஒட்டிக்கொள்ளும் பொருள்) இல்லாமல் மேலே போவதில் பயனில்லை.

செறிவை மின்கடத்துதிறனால் அளப்பது இங்கே பெரிய தவறு. சபோனின் மிகக் குறைவாகவே மின்னூட்டம் கொண்டது. கடத்துவதெல்லாம் உப்பும் சாற்றோடு வந்த பொட்டாசியமும்தான். 280 நானோமீட்டர் புற ஊதா அளவும் சபோனினைக் காட்டாது, டானினைத்தான் காட்டும். வெனிலின் முறையையே பிடித்துக்கொள்ளுங்கள். பாறை இல்லாத கரைசல் ஒன்று, சபோனின் இல்லாத உப்புநீரும் பாறையும் ஒன்று என இரண்டு கட்டுப்பாடுகளும் வேண்டும்.

## 11. கோர் சோதனை

இதுவரை தேறிய ஒன்றிரண்டு கலவைகள் மட்டுமே இங்கே வர வேண்டும்.

தயாரிப்பு. 3.8 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள கோர் நல்லது. டொலுவீன், பிறகு மெத்தனால் கொண்டு கழுவி 60 டிகிரியில் உலர்த்தி, வெற்றிடத்தில் உப்புநீரை நிறையுங்கள். நுண்துளைமை 20 சதவீதம் என்றால் துளைக் கொள்ளளவு 68 மி.லி. ஊடுருவுதிறனை மூன்று வேகங்களில் அளந்து, அழுத்தம் நேர்கோட்டில் ஏறுகிறதா பாருங்கள்.

குழாய்கள், வால்வுகளில் தங்கும் திரவத்தை முன்கூட்டியே அளந்து கழியுங்கள். 7.5 செ.மீ. கோரின் துளைக் கொள்ளளவே 17 மி.லி.தான். அங்கே 3 மி.லி. குழாய்க் கொள்ளளவை மறந்தால் பிழை 18 சதவீதம்.

எண்ணெய் நிறைத்தல். வடிகட்டிய எண்ணெயை, நீர் வருவது நிற்கும் வரை செலுத்துங்கள். வெளியே வந்த நீரின் அளவே உள்ளே போன எண்ணெய். படுகை வெப்பநிலையில் இரண்டு வாரமாவது ஊறட்டும்.

வேகம். நாளொன்றுக்கு 30 செ.மீ. என்பது இந்தக் கோரில் நிமிடத்துக்கு 0.047 மி.லி. அதாவது ஒரு துளைக் கொள்ளளவு செல்ல ஒரு நாள் பிடிக்கும். அவசரப்பட்டு நிமிடத்துக்கு 1 மி.லி. வைத்தால் படுகையின் வேகத்தைப் போல் 21 மடங்கு. அப்போது வரும் கூடுதல் எண்ணெயில் எவ்வளவு பம்ப் தள்ளியது, எவ்வளவு சபோனின் விடுவித்தது என்று பிரிக்கவே முடியாது.

நீர் செலுத்தல். வெளியேறும் திரவத்தில் எண்ணெய் 1 சதவீதத்துக்குக் கீழே போகும் வரை. பாதியில் நிறுத்திவிட்டுச் சபோனினுக்கு மாறினால், தண்ணீரே கொண்டுவந்திருக்கும் எண்ணெயும் சபோனின் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஸ்லக் (அளந்து செலுத்தும் கரைசல் பகுதி). சபோனின் கரைசல் அரைத் துளைக் கொள்ளளவு, அதன் பின்னால் நீரைத் தடிப்பாக்கும் பாலிமர் கரைசல் அரைத் துளைக் கொள்ளளவு, பிறகு உப்புநீர். பாலிமர் இல்லாவிட்டால் பின்னால் வரும் நீர் ஸ்லக்கைத் துளைத்துக்கொண்டு முந்திவிடும். கரைசலை 0.45 மைக்ரானில் வடிகட்டியே செலுத்துங்கள். செலுத்தத் தொடங்கியதும் அழுத்தம் நிற்காமல் ஏறினால், எண்ணெய்த் திரள் நகர்கிறது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். முகப்பில் பிசின் அடைத்தாலும் அப்படித்தான் தெரியும். சோதனை முடிந்து கோரைத் திருப்பிப் போட்டு உப்புநீர் விட்டால் அழுத்தம் சட்டென இறங்குமானால், அது அடைப்பு.

கட்டுப்பாடுகள். ஒரு கோரில் சபோனின் இல்லாமல் அதே அளவு உப்புநீர் மட்டும். இன்னொன்றில் சபோனின் இல்லாமல் பாலிமர் மட்டும். இந்த இரண்டும் இல்லாமல் "சபோனினால் இத்தனை சதவீதம்" என்று எழுத இடமில்லை.

வெளியேறும் திரவம். சபோனின் நல்ல பால்மமாக்கி. சேகரிப்புக் குழாயில் எண்ணெய் அடுக்காகத் தெரியாமல் பழுப்பு நிறக் கலங்கலாக வரும். கண்ணால் பார்த்து அளவைக் குறித்தால் தவறும். 60 டிகிரிக்குச் சூடாக்கி மையவிலக்குங்கள். அப்போதும் பிரியாவிட்டால், அளந்த டொலுவீனில் எண்ணெயை இழுத்து ஒளி உறிஞ்சலால் கணக்கிடுங்கள். இந்தக் கலங்கல் வயலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கும் தலைவலி என்பதால், எத்தனை மணி நேரத்தில் பிரிந்தது என்பதையும் குறியுங்கள்.

## 12. கணக்கும் கழிவும்

68 மி.லி. துளையில் 70 சதவீதம் எண்ணெய் என்றால் 47.6 மி.லி. நீர் 24 மி.லி. கொண்டுவந்தது, எஞ்சியது 23.6. சபோனின், பாலிமர் சேர்ந்து மேலும் 6 மி.லி. தந்தால், தொடக்க எண்ணெயில் 12.6 சதவீதம், எஞ்சியதில் 25.4 சதவீதம். இரண்டையும் தெளிவாகப் பெயரிட்டு எழுதுங்கள். பாலிமர் மட்டும் ஓட்டிய கோர் 3.5 மி.லி. கொடுத்திருந்தால் சபோனினின் பங்கு 2.5 மி.லி.தான். அந்த எண்தான் செலவுக் கணக்குக்குப் போக வேண்டியது. அதைச் செலுத்திய சபோனின் எடையால் வகுத்து, ஒரு கிராம் சபோனினுக்கு எத்தனை மி.லி. எண்ணெய் என்றும் கொடுங்கள்.

மிச்சக் கரைசலைத் தாவரச் சாறுதானே என்று கால்வாயில் ஊற்றாதீர்கள். சபோனின் மீன்களின் செவுள்களைத் தாக்கிக் கொல்லும். எண்ணெய் கலந்த கழிவைத் தனிக் கலனிலும், ஹெக்சேன், டொலுவீன், பியூட்டனால் கழிவை இன்னொரு கலனிலும் பெயர் ஒட்டி மூடிவையுங்கள். நீர்க்கரைசல் கழிவு சுத்திகரிப்புப் பிரிவுக்குப் போகட்டும். அங்கே காற்றூட்டும் தொட்டி நுரைத்துப் பொங்கும் என்பதால், எத்தனை லிட்டர், என்ன செறிவு என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.